கற்பூரம் ஏறிய தேயிலை

"வாசமுள்ள எந்தப் பொருளோடும் இதை ஒரே அலுமாரியில் வைக்கக் கூடாது." இது மூன்றாம் விதி. வெயில் படக் கூடாது என்பது முதலாவது, ஈரம் ஏறக் கூடாது என்பது இரண்டாவது. நாலாவது சற்று விசித்திரமானது: காற்றுப் புகாமல் இறுக்கி மூடவும் கூடாது, அது மூச்சு விட வேண்டும். நண்பர் தன் கையெழுத்தில் தந்த இந்த நாலு விதிகளையும் நான் தட்டச்சுச் செய்து, லாமினேட் பண்ணி, அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினேன். லண்டன் கவுன்சில் ஒன்றில், மக்களின் குறைகளை விசாரிக்கும் முறைப்பாட்டுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் வேறெப்படி நடந்துகொள்வான்?

மூச்சு விட வேண்டிய அந்தப் பொருள் ஒரு தேயிலை வட்டு. சீனத்தின் தென்மேற்கு மலைகளில் பறித்து, அவித்து, தட்டுப்போல அமுக்கி, பழைய தாளில் சுற்றி, ஆண்டுக்கணக்கில் தானாகப் புளிக்க விடுகிற தேயிலை. பூஎர் என்பார்கள். என் மனைவி முதன்முதலாக அதைப் பார்த்தபோது, "வறட்டியை ஏன் தாளில சுத்தி வைச்சிருக்கு?" என்று கேட்டாள். கேள்வியில் பிழை இல்லை.

நண்பர் மலேசியாக்காரர், ஈப்போவில் பிறந்தவர்; பேச்சின் முடிவில் 'லா' போடும் அந்த ஊர்ப் பழக்கம் இன்னும் போகவில்லை. படிக்க வந்து இங்கேயே தங்கி, எங்கள் கவுன்சிலிலேயே வேறு மாடியில் வேலை பார்த்தவர். மகள் பிறந்த வருடம் ஊருக்குப் போனபோது, தகப்பனின் கடைக்குப் பக்கத்துக் கடைச் சீனர் அந்த வட்டைக் கையில் கொடுத்து, பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும்போது பிரி என்றாராம். அதைக் கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரிலுள்ள தன் வீட்டில் வைத்திருந்தார். பிறகு அவர் வீட்டுச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியது. ஆறு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, மண் சாடிக்குள் வட்டை வைத்து, வாயைத் துணியால் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறித் தோர்ண்டன் ஹீத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"உங்க வீடு காஞ்ச வீடு, அண்ணே. அதோட நீங்க ரூல்ஸ் மனுசன். உங்ககிட்ட இருந்தா எனக்குத் தூக்கம் வரும் லா."

பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மாடியில் இருக்கிற சின்ன அறையின் அலுமாரியைத் தெரிவு செய்தேன். சாடிக்குள் ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்றைப் போட்டேன். கருவியின் திரை அறைக்கு வெளியே, படி ஏறும் இடத்துச் சுவரில். அலுமாரிக் கதவைத் திறந்தால் அளவு மாறிவிடும் என்பதால் திறப்பதே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் திரையைப் பார்த்து ஒரு கொப்பியில் குறித்தேன். ஆறு வருடம், ஒரு ஞாயிறும் தவறவில்லை. கொப்பியைப் பார்த்த எந்தக் கணக்காய்வாளனும் என் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பான்.

போன ஆகஸ்டில் நண்பரின் அழைப்பு வந்தது.

"அண்ணே, டீய எடுக்கற நேரம் வந்திருச்சு. அக்டோபர்ல கல்யாணம். மாப்பிள்ளை பினாங்கு சீனப் பையன். அவங்கப்பாவுக்குப் பழைய டீன்னா உசுரு. ஒரு வாய் குடிச்சா எத்தன வருசம், எந்த மலைன்னு சொல்லிடுவாராம்."

"அப்ப நல்லதாப் போச்சு," என்றேன்.

"நல்லதா? சீரு, நகை ஒண்ணுமே அவங்க கேக்கல. நான்தான் வாயக் குடுத்துட்டேன். என் பொண்ணு வயசு டீ ஒண்ணு வச்சிருக்கேன், கல்யாணத்தன்னிக்கு உங்களுக்கு அதத்தான் ஊத்துவேன்னு. சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்காரு மனுசன். அது மட்டும் சொதப்பிச்சு, பொண்ணக் கட்டிக்கொடுக்கற இடத்துல என் மூஞ்சிய எங்க வைக்கறது?"

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு வந்து ருசி பார்ப்பதாகச் சொன்னார். அதற்கு முன் வட்டின் நிலையைச் சோதிப்பது என் கடமை என்று நினைத்து, ஆறு வருடத்தில் முதல் தடவையாக அலுமாரியைத் திறந்தேன்.

உள்ளே சாமிகள் இருந்தார்கள்.

வரிசையாக, பூ வைத்து, விளக்கு வைத்து இருந்தார்கள். சாடி ஒரு மூலையில் மரியாதையாக ஒதுங்கியிருந்தது. கதவின் உட்பக்கத்தில் என் விதித்தாளுக்கு மேல் ஒரு சாமிப்படக் கலண்டர் தொங்கியது. கீழ்த்தட்டு முழுக்கக் கற்பூரப் பெட்டிகள். கடையில் மலிவு விலை போட்டபோது வாங்கிக் குவித்தவை.

மனைவியைக் கூப்பிட்டேன்.

"நான் உங்கட சட்டியைத் தொடேல்லை," என்றாள், நான் கேட்பதற்கு முன்பே. "அது வைச்ச இடத்திலதான் இருக்கு."

"சாமியளை எப்ப இஞ்ச கொண்டு வந்தனீர்?"

"கீழ சாம்பிராணி போட நெருப்பு அலாரம் கத்துது, மேல கொண்டு போம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். நாலு வருசமாச்சு."

"மேசையில வைப்பீர் எண்டு நினைச்சன்."

"மேசையில உங்கட பழைய பைல் எல்லோ கிடக்கு. அதை எடுக்கக் கூடாதெண்டும் நீங்கள்தானே சொன்னனீங்கள்."

நான் வருடத்தில் ஒருமுறை கோயிலுக்குப் போகிற ஆள். சாமி கும்பிட மாடியேறும் வழக்கம் இல்லை. நாலு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்த அறை வாசலில் நின்று எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்பியிருக்கிறேன். உள்ளே மணியடித்த சத்தம்கூடக் கேட்டிருக்கிறது. கொப்பியில் மணிச் சத்தத்துக்கு நிரல் இல்லை.

சாடியின் துணியை அவிழ்த்து முகர்ந்தேன். கற்பூரம். சந்தேகத்துக்கு இடமில்லை.

சந்தேகம் அடுத்த நாள் வந்தது. தேயிலை பற்றி நூலகத்தில் இரவல் வாங்கிய புத்தகம் ஒன்றில், நன்றாக முதிர்ந்த பூஎருக்குக் கற்பூர மணம் வருவதுண்டு, அது உயர்ந்த தரத்தின் அடையாளம், தேடித் திரிந்து வாங்குவார்கள் என்று எழுதியிருந்தது. மூன்று முறை வாசித்தேன். அப்படியானால் நான் முகர்ந்தது எது? நண்பரின் மகள் பிறந்ததிலிருந்து இருபத்தேழு வருடம் கிடந்த இலை தானாகத் தந்ததா, கீழ்த்தட்டு தந்ததா? இரண்டும் கலந்ததென்றால் எந்த விகிதத்தில்?

காய்ச்சிப் பார்த்தேன். வட்டின் ஓரத்தை மெல்லிய திருப்புளியால் நெம்பி ஒரு துண்டு எடுத்து, மூடிபோட்ட சின்னக் கிண்ணத்தில் இட்டு, கொதிநீரை ஊற்றி, உடனே அதைக் கழுவுதொட்டியில் கொட்டினேன். முதல் நீர் இலையைக் கழுவுவதற்கு, குடிப்பதற்கல்ல. அது இந்தத் தேயிலைக்கான முறை.

"முதல் சாயத்தை ஊத்திறதோ?" மனைவி பதறினாள். "பிறகென்ன கிடக்கு குடிக்க? அதுக்குச் சும்மா சுடுதண்ணியைக் குடிக்கலாமே."

இரண்டாவது நீரைப் பத்து விநாடி விட்டு வடித்தேன். தேக்கு மேசையின் நிறம். நான் ஒரு வாய், அவள் ஒரு வாய்.

"எப்பிடி?" என்றேன்.

"மழை நனைஞ்ச விறகுக் கொட்டிலுக்க ஆரோ பூசை வைச்ச மாதிரி."

அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கெட்டுப்போனதா என்றால் அப்படியும் இல்லை. நல்லதா என்றால் தெரியாது. அறுபத்தெட்டு வயதில், என் நாக்கில் இருப்பது சிறப்பா கேடா என்று தெரியாமல் குசினியில் நின்றேன்.

தெரியாத துறையென்றால் அறிந்தவரைக் கேட்க வேண்டும் என்பதும் முறைதான். நகரத்தின் நடுவில் ஒரு தேயிலைக்கடை, சனிக்கிழமைகளில் ருசி பார்க்கும் வகுப்பு வைக்கிறது. போனேன். ஏழு பேர் இருந்தோம். ஒவ்வொருவரும் உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடினார்கள். ஒருவருக்குக் காடு தெரிந்தது, இன்னொருவருக்குப் பழைய தோல். என் முறை வந்தபோது, "தேத்தண்ணி" என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. "மரம்" என்றேன். ஆசிரியை தலையாட்டினார். நம்பிக்கை வந்து, கற்பூரத்தைப் பற்றிக் கேட்டேன்.

வெளியிலிருந்து ஒட்டிய மணம் மூக்கில் முதலில் அடித்துவிட்டுச் சில ஊற்றுகளில் போய்விடும், இலையின் சொந்த மணம் தொண்டையில் தங்கும் என்றார். ஒரே இலையைப் பத்து முறை ஊற்றிப் பார்த்தால் தெரியுமாம்.

வீட்டுக்கு வந்து பத்து முறை ஊற்றினேன். கொப்பியில் மூக்கு, தொண்டை என்று இரண்டு நிரல் போட்டேன். மூன்றாவது ஊற்றில் மூக்கில் குறைந்தது போலிருந்தது. ஆறாவதில் தொண்டையில் இருந்தது. எட்டாவதில், மூக்கு எங்கே முடிந்து தொண்டை எங்கே தொடங்குகிறது என்பதில் எனக்கு ஐயம் வந்துவிட்டது. போதாக்குறைக்கு மேலே மனைவி விளக்கு வைத்துக் கற்பூரம் கொளுத்தினாள். வீடு முழுக்க அதே மணம். அன்றைய பரிசோதனை செல்லாது என்று குறித்துக் கொப்பியை மூடினேன்.

நண்பர் ஞாயிறு வந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டு, தலைக்கு மை போட்டு, பெண் பார்க்க வந்தவர் போல இருந்தார். அவரும் தேயிலை அறிந்தவர் அல்லர்; தினமும் குடிப்பது டின் பால் போட்ட தேநீர். சாடியை அதற்குள் கீழ்மாடிக்கு மாற்றியிருந்தேன். சொல்லிவிடுவதென்றுதான் இருந்தேன். முதலில் குடிக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று கிண்ணத்தை நீட்டினேன்.

உறிஞ்சினார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். கண் கலங்கிவிட்டது.

"அண்ணே... கற்பூரம்!"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"அந்தச் சீனக் கடைக்காரரு அப்பவே சொன்னாரு, நல்ல கையில இருந்தா கற்பூர வாசம் வரும்னு. நல்ல கை, அண்ணே! எங்க வீட்டுல இருந்திருந்தா பூஞ்சைதான் வந்திருக்கும். சம்பந்தி அசந்துடுவாரு லா!"

என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டும். "ஓம்," என்று மட்டும் சொன்னேன். சாடியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலேறிப் போய்விட்டார்.

அவர் போன பிறகு மனைவி கேட்டாள், "ஏனப்பா சொல்லேல்லை?"

"ஒருவேளை அது இலையின்ர வாசமாயும் இருக்கலாம்தானே."

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அந்தச் சம்பந்தி வாயில வைச்ச உடன இது சாமியறை வாசம் எண்டு சொன்னால், இந்த ஆளின்ர முகம் என்னத்துக்கு ஆகும்? நாலு பேருக்கு முன்னால?"

அதற்கு விடை எனக்குத் தெரிந்திருந்தது. மணத்தைப் பற்றித்தான் குழப்பம். இதில் குழப்பம் இல்லை. தொலைபேசியை எடுத்தால் நாக்கு மறுபடி "ஓம்" என்றுதான் சொல்லும் என்பதால், கடிதம் எழுதினேன். தலைப்பு: முறைப்பாடு. முறைப்பாட்டாளர் நான், எதிராளியும் நான். நிகழ்ந்ததைத் தேதி வரிசையில் வைத்தேன். அலாரம், அலுமாரி, கீழ்த்தட்டு. பூசைக் கற்பூரம் உண்ணும் பொருள் அல்ல, பெட்டிகள் மூடியேதான் இருந்தன, ஏறியது வாசம் மட்டும் என்றே நம்புகிறேன், ஆனாலும் விருந்தாளிகளுக்கு ஊற்றுமுன் அறிந்த ஒருவர் முகர்ந்து பார்க்க வேண்டும் என்று எழுதினேன். மனைவி மேல் ஒரு சொல்லும் வைக்கவில்லை. அவள் எழுதும்போது தோளுக்குப் பின்னால் நின்றாள் என்பது ஒரு காரணம். கொப்பியின் பிரதியையும் இணைத்தேன்.

முறைப்பாடு கிடைத்ததாக மூன்று வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது எங்கள் பிரிவின் நியமம். மூன்று நாள் போனது. பத்து நாள் போனது. வாட்ஸ்அப்பில் அவர் இருப்பது தெரிந்தது. எனக்கு மட்டும் எழுதவில்லை. கோபமா, வெட்கமா, கடிதம் வேறு வீட்டுக்குப் போய்விட்டதா? கலியாண அழைப்பிதழ் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தில் மாட்டியிருந்தது. போகலாமா கூடாதா என்று மனைவி கேட்க, அழைப்பு ரத்துச் செய்யப்படாதவரை செல்லும் என்றேன். "நீங்களும் உங்கட செல்லுமும்," என்றாள். சேலையை மட்டும் எடுத்து வெளியே தொங்கவிட்டாள்.

மூன்று வாரத்துக்கு மேல் கழித்து, கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில், கையால் முகவரி எழுதிய உறை ஒன்று கதவுத் துவாரத்தால் விழுந்தது. ஒரு தாள், ஒரு பக்கம்.

"அண்ணே, உங்க கடுதாசி படிச்சு ரெண்டு நாள் சாப்பிடல. உங்க மேல கோபம்தான், இப்பவும் கொஞ்சம் இருக்கு. அப்புறம் யோசிச்சேன், கல்யாணத்தன்னிக்கு எல்லார் முன்னாடியும் தெரியறதுக்கு இப்பவே தெரியட்டும்னு. சம்பந்தி பினாங்குலேர்ந்து வந்ததும் சாடியக் கொண்டுபோய் வச்சு, உள்ளது உள்ளபடி சொல்லிட்டேன். அவரு ரொம்ப நேரம் மோந்து பாத்தாரு. என்னாலயும் பிரிச்சுச் சொல்ல முடியலன்னுட்டாரு. சாமிகிட்ட நாலு வருசம் இருந்த டீய யாராவது வேணாம்பாங்களா, இதையேதான் ஊத்தணும், ஆனா நாலு தண்ணி கழுவிட்டு ஊத்தணும்னு சொல்லிட்டாரு. எந்த சாமின்னு கேக்கறாரு, விருந்துல சொல்லணுமாம். பதில் உடனே போடுங்க. நீங்க ரெண்டு பேரும் முன் வரிசை."

இரண்டு முறை வாசித்துவிட்டு, முறைப்படி, உறையின் மூலையில் பேனாவால் குறித்தேன்: பதில் கிடைத்த திகதி, ஒக்டோபர் 9, வியாழக்கிழமை.