ராகி போட்டால் ஓடும் லேத்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் வகுப்புக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. எங்கள் இன்ஸ்ட்ரக்டர் சாமுவேல் சார் அதை நின்றுகொண்டே உரக்கப் படித்தார். முதல் வரிக்குப் புன்னகை. இரண்டாம் வரிக்கு இன்னும் பெரிய புன்னகை. மூன்றாம் வரியில்... அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்!

என்ன அந்த மூன்றாம் வரி? பொறுங்கள், குழந்தைகளே. முதலில் ராகி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வயதில் உனக்கென்ன வகுப்பு என்று கேட்பீர்கள். நான் ஏழாவதோடு நின்றவன் என்பது வாராவாரம் இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும். ஃபேக்டரியில் ஒன்பது வருஷமாக ஹெல்பர். மெஷினுக்கு எண்ணெய் போடலாம், துடைக்கலாம், பக்கத்தில் நிற்கலாம் — ஓட்டக் கூடாது. ஓட்டுவதற்குச் சர்க்கார் சர்டிஃபிகேட் வேண்டும். அதற்காகத்தான் நீலசந்திராவில் சர்க்கார் நடத்தும் சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன். மொத்தம் பதினாறு பேர். அத்தனை பேருக்கும் மீசை. சிலருக்கு நரைத்த மீசை. வீட்டில் என் மகள் செல்வி ஐந்தாம் வகுப்பு, நான் லேத் வகுப்பு.

"இன்னிக்கு எத்தினி மார்க்கு நைனா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டு என் மானத்தை வாங்குவாள்.

லேத் என்றால் தெரியுமா? இரும்புத் துண்டைச் சுழலவிட்டு, கூரான டூலால் சீவிச் சீவி வேண்டிய அளவுக்குக் கொண்டுவரும் மெஷின். மார்ச் மாதக் கடைசியில் எங்களுக்குப் புத்தம்புதிதாக ஒன்று வந்து இறங்கியது. ஏன் மார்ச்? அதற்குள் செலவழிக்காவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடுமாம். மாலை போட்டோம். தேங்காய் உடைத்தோம். பிறகுதான் பார்த்தோம் — வகுப்பு நடக்கும் ஷெட்டில் இருந்த கரண்ட் ஒரே ஒரு பல்புக்கு மட்டும்!

மெஷின் கொடுப்பது ஓர் இலாகா. ஷெட்டுக்கு வாடகை கொடுப்பது வேறோர் இலாகா. கரண்ட் இன்னோர் இலாகா. உங்கள் வீட்டில் சித்தப்பா அரிசி வாங்கி வருகிறார், அத்தை பானை தருகிறாள், அடுப்பு மட்டும் அடுத்த வருஷம் வரும் என்றால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. சாமுவேல் சார் கரண்ட் கேட்டு எழுதிய கடிதங்களை அடுக்கினால் அதன் மேல் ஏறி நின்று பல்பு மாட்டலாம்.

எங்கள் ஷெட்டுக்கு அடுத்த சுவர் பாஷா பாய் மாவு மில். அங்கே ஆயில் இன்ஜின் டுக்... டுக்... என்று ஓடும். ஒருநாள் சார் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சுவரைப் பார்த்தார். நாங்கள் சாரைப் பார்த்தோம். சுவரில் ஓட்டை போட அனுமதி கேட்கலாமா? அதற்கும் ஓர் இலாகா இருக்குமே! கேட்கவில்லை. ஓட்டை வழியாக மில் இன்ஜினிலிருந்து ஒரு நீளமான பெல்ட் வந்தது. லேத் சுற்றியது. பதினாறு மீசைகளும் கைதட்டின.

ஒரே ஒரு சிக்கல். பாஷா பாய் வெறுமனே மில்லை ஓட்டமாட்டார். என்னிடம் சொன்னார்:

"அரே முருகேசு, தானியம் இல்லாம ஓட்டினா கல்லும் கல்லும் ஒரசி வீணாப் பூடும். நீ படிக்கோணும்னா ராகி கொண்டா!"

ஆகவே பாட நோட்டோடு ஆளுக்கொரு டப்பா ராகியும் கொண்டுபோனோம். என் டப்பா அரைந்து முடிவதற்குள் என் பாடத்தை முடிக்க வேண்டும். அரைத்த மாவு வீட்டுக்கு வந்ததால் மூன்று வேளையும் ராகிக் களிதான். "நீ எப்போ பாஸாவ நைனா? எனக்குச் சோறு துன்னணும்" என்றாள் செல்வி.

இந்த நேரத்தில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஆபீசர் வருவார். லேத் ஓடாமல் கிடந்தால் வேறு ஊர்ப் பள்ளிக்கு அனுப்பப்படும்.

லேத் போனால் செய்முறைப் பரீட்சை கிடையாது. பரீட்சை இல்லையென்றால் சர்டிஃபிகேட் இல்லை. பத்தாவது வருஷமும் எண்ணெய்க் கிண்ணம்தான்!

புதன்கிழமை ஐந்து மணிக்குப் பதினாறு டப்பா ராகியோடு தயாரானோம். ஆபீசர் வரவில்லை. ஐந்தரை ஆயிற்று. வாசலில் ஜீப் நிற்கும்போது லேத் சும்மா இருக்கக் கூடாதே என்று அரைத்துக்கொண்டே இருந்தோம். எங்கள் ராகி தீர்ந்தது. செல்வி தெருவுக்கு ஓடினாள். "ராகி இருந்தா எத்துகினு வாங்க, எங்க நைனா பரீட்சைக்கு!" பெண்கள் முறங்களோடும் டப்பாக்களோடும் வரிசையில் நின்றார்கள். அதுவும் தீர்ந்தது. அப்போதுதான் ஜீப் வந்து நின்றது.

"பாய், இன்ஜினை நிறுத்தாதீங்க!" என்று ஓட்டை வழியாகக் கத்தினேன்.

"இன்னாத்தப்பா போடறது? என் தாடியையா?"

"அரைச்ச மாவையே போடுங்க!"

போட்டார். மாவை மறுபடியும் மாவாக்கினால் என்ன ஆகும்? புகை மாதிரி கிளம்பி, ஓட்டை வழியாக எங்கள் ஷெட்டுக்குள் வந்தது. ஆபீசர் உள்ளே வந்து ஒரு தும்மல் போட்டார். இன்னொன்று. கறுப்புக் கோட்டு சாம்பல் நிறமாகிவிட்டது.

"ஏன்ரீ இது, ராகி வாசனை?" என்று கன்னடம் கலந்து கேட்டார்.

"பக்கத்துல மாவு மில் சார்" என்றார் சாமுவேல் சார். பொய்யில்லையே!

"பெல்ட் எங்க போகுது?"

"பக்கத்துக்குத்தான் சார்."

ஆபீசருக்கு மேலே கேட்க முடியவில்லை. தும்மல் விடவில்லை. என்னைக் காட்டி, "செய்யட்டும்" என்றார். டூலை மெல்ல நகர்த்தினேன். சுருள் சுருளாக இரும்பு கழன்று விழுந்தது. கடைசி இழுப்பு முடிந்த மறு நொடியே அந்தப் பக்கம் டுக்... டுக்... என்று இன்ஜின் நின்றது.

ஆபீசர் நான் சீவிய துண்டை அளந்து பார்த்தார். இன்னொரு முறை அளந்தார். "பஹள சென்னாகிதெ! ரொம்ப நல்லாயிருக்கு" என்று என் முதுகில் தட்டினார். இருவர் மேலிருந்தும் மாவு பறந்தது.

லேத் தப்பியது!

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். முதல் வரி: வகுப்பு சிறப்பாக நடக்கிறது. இரண்டாம் வரி: லேத் இங்கேயே இருக்கும், பரீட்சையும் அதிலேயே நடக்கும். மூன்றாம் வரி: "லேத் திருப்திகரமாக ஓடுவதால், மின் இணைப்புக்கான விண்ணப்பம் அவசியமற்றதெனக் கருதி முடித்து வைக்கப்படுகிறது."

அன்று வீட்டில் செல்வி கேட்டாள்: "ஏன் நைனா, அவருகிட்ட நெசத்தைச் சொல்லிருக்கலாமில்ல?"

"சொன்னா லேத்தை எத்துகினு பூடுவாங்கம்மா."

"சொல்லாததால?"

"கரண்ட் வராது."

"அப்போ ரெண்டு பக்கமும் நீதான் தோத்தியா?"

களியைப் பார்த்தபடியே சாப்பிட்டேன். ஆனால் யோசித்தேன், குழந்தைகளே. இல்லாததை இருப்பதுபோலக் காட்டிச் சமாளித்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். அதோடு, நமக்கு எதுவுமே தேவையில்லை என்றும் நினைத்துக்கொள்வார்கள். சாமுவேல் சாரிடம் இதைச் சொன்னேன். அவர் மறுநாளே புதிதாக ஒரு விண்ணப்பம் எழுதினார். இந்த முறை ஓட்டை, பெல்ட், ராகி ஒன்றையும் மறைக்கவில்லை. பதினாறு பேரும் கையெழுத்துப் போட்டோம்.

அதற்குப் பதில் எப்போது வருமோ தெரியாது. பரீட்சை மட்டும் வருகிற மாதமே வந்துவிடும். அதனால், நீலசந்திரா பக்கம் இருக்கும் வாசகர்கள் உங்கள் வீட்டு ராகியை அதுவரை வேறெங்கும் அரைக்காமல் வைத்திருங்கள்!