தேதியம்மா போட்ட தேதி

பிறப்புப் பதிவு அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் தேதியம்மா. இருபது வருஷமாக அதே மேசை. பள்ளியில் சேர்க்க ஒரு மாதம் கூட்டிப் போடுங்கள் என்று யார் வந்து கெஞ்சினாலும் மசியமாட்டாள். "பிறந்த நாள் பிறந்த நாள்தான். இஷ்டத்துக்கு இழுத்து விட அது என்ன ஜன்னல் திரையா?" என்று அனுப்பிவிடுவாள்.

அவளுடைய பதிமூன்று வயது மகள் மூன்று மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. கையில் எந்நேரமும் போன். பிடுங்கினால் வீடு இரண்டுபடும். பதினாறு வயதுக்குக் கீழே இருப்பவர்களின் சமூக வலைதள அக்கவுண்டையெல்லாம் மூடச் சொல்லிச் சட்டம் வந்தபோது, தேதியம்மா அதை மலைபோல் நம்பினாள். காலண்டரில் வட்டம்கூடப் போட்டு வைத்தாள்.

அந்த நாளும் வந்தது. வகுப்பில் எல்லோருடையதும் மூடிவிட்டது, மகளுடையதைத் தவிர.

"சட்டத்தையே ஏமாத்திட்டியா? என்ன வயசுடி போட்டே?"

"நான் எங்கம்மா போட்டேன்? நீதான் போட்டே." குரலை உயர்த்த மகளுக்குத் தெம்பில்லை. "எட்டு வயசுல டிராயிங் போட்டிக்குப் படம் அனுப்பணும்னு அழுதேனே. சின்னப் பிள்ளைன்னா அக்கவுண்ட் திறக்க விடாதுன்னு உன் பிறந்த தேதியைப் போட்டுக் கொடுத்தே."

தேதியம்மாவுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அடுப்பில் பால், ஒரு கையில் கரண்டி, மறு கையில் போன். அரை நிமிஷ வேலை. ஊருக்குத்தான் உபதேசம்.

போனை வாங்கித் தள்ளிப் பார்த்தாள். நாற்பதைத் தாண்டிய வயிறு குறைய வழி. பிள்ளை பெற்ற இடுப்பு இளைக்க மாத்திரை. ராத்திரிச் சோற்றை விட்டால் பத்து வயது குறையும். பதிமூன்றில் பத்து போனால் மிச்சம் என்ன?

"இதையெல்லாம் நீயா தேடினே?"

"இல்லம்மா, அதுவா வருது. நான் குண்டா இருக்கறதாலதான் எனக்கு வருதுன்னு நினைச்சேன்."

போனைக் குறை சொல்லி என்ன பயன்? தேதியம்மா சொன்ன வயதைத்தான் அது நம்பியது. ஐந்து வருஷமாக அந்தக் குழந்தையை ஒரு நடுத்தர வயதுப் பெண்ணாகவே நடத்தியிருக்கிறது.

அக்கவுண்டை மூடப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றது கம்பெனி. மறுநாள் தன் மேசையிலேயே மகளின் சான்றிதழை எடுத்து முத்திரை குத்தினாள். விண்ணப்பத்தின் கடைசியில் ஒரு கேள்வி: தவறான தேதியைக் கொடுத்தவர் யார்?

"பொண்ணு பேரைப் போடுங்க, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் பக்கத்து மேசைக்காரர்.

அவள் தன் பெயரையே எழுதினாள். பக்கத்தில் உறவுமுறை என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'தாய்' என்று எழுதி, கீழே அன்றைய தேதியைப் போட்டாள்.