வாசலில் நின்ற பால்குடம்

பனிமூட்டத்துக்குள்ளிருந்து முதலில் தெரிந்தது ஒரு மஞ்சள் துணி. பித்தளைக் குடத்தின் வாயைக் கட்டியிருந்த துணி. அதன் பிறகுதான் குடத்தைத் தலையில் தாங்கிய கையும் மஞ்சள் சேலையும் வெறுங்காலும் தெரிந்தன. எங்கள் எஸ்டேட்டின் சின்னத் தேவாலயத்து வாசலில் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த நான் கையை நிறுத்தினேன். மாரியம்மன் கோயிலுக்குப் போகிற பால்குடம் வழி தவறி வந்துவிட்டது என்று நினைத்தேன். வழியெல்லாம் தவறவில்லை. நேராக என்னிடம்தான் வந்தது.

தூக்கி வந்தவர் ஆறாம் லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில் ஆறாவதில் இருக்கிற அக்கா. கொழுந்து எடுப்பவர். இந்த ஊர் வழக்கப்படி வாக்கியக் கடைசியில் ‘லா’ போட்டுப் பேசுவார். நான் தேயிலை ஆலையில் கிராணி, அதாவது கணக்கர். ஞாயிற்றுக்கிழமைகளில் சபை மூப்பர். மூன்று தலைமுறைக் கிறிஸ்தவன் என்கிற மிதப்பு எனக்கு எப்போதும் உண்டு. அக்கா ஒரு வருடமாகக் கடைசி பெஞ்சில் வந்து உட்காருவார். பாட்டு வராது, வாயை மட்டும் அசைப்பார். ஞானஸ்நானம் பெறவில்லை; வீட்டில் முருகன் படமும் இருந்தது. கணவர் காய்கறி லோரி ஓட்டுபவர். இரண்டு மாதத்துக்கு முன் ரிங்லெட் ஊருக்குக் கீழே மலைப்பாதை வளைவு ஒன்றில் லோரி கவிழ்ந்து, கண் திறக்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஏழாம் நாள் விழித்தார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்த ஏழு நாளில் இந்த அக்கா யாரிடம் என்ன பேசினார் என்று நான் கேட்டதே இல்லை.

“வேண்டிக்கிட்டேன் கிராணியாரே,” என்றார். “நீங்க நெசமாவே சாமின்னா இவர எழுப்பி விடுங்க, பால்கொடம் எடுத்துட்டு வாறேன்னு ஏசுகிட்ட சொன்னேன். எழுப்பிட்டாரு லா.”

“அக்கா, இங்க அதெல்லாம் இல்ல. இன்னிக்குப் பால்கொடம், நாளைக்குக் காவடியா?” என்று சிரித்தேன். பின்னால் நின்ற சபையார் இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு இன்னும் தைரியம் வந்தது. கதவின் குறுக்கே நகர்ந்து நின்றுகொண்டேன்.

அக்கா சிரிக்கவில்லை. “அவரு சாமியா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க.”

“சாமிதான். ஆனா...”

“அப்புறம் என்ன லா?”

அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு என்ன சொல்ல இருந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாதம் ஒரு முறை மலைக்குக் கீழே தாப்பாவிலிருந்து வரும் போதகர் அன்று வந்து உள்ளறையில் இருந்தார். மூப்பராக இருந்துகொண்டு பால்குடத்தை உள்ளே விட்டேன் என்று பேர் வரக் கூடாது. உண்மையில் என் கவலை அவ்வளவுதான். “இதெல்லாம் முடியாது, வீட்டுக்குப் போங்க,” என்று கதவைச் சாத்தினேன்.

அக்கா போகவில்லை. நேர்ந்துகொண்ட குடத்தை, சேர வேண்டிய சந்நிதியில் சேர்க்காமல் நடுவழியில் இறக்கினால், கேட்டு வாங்கிய உயிருக்கே ஆபத்து என்பது லயத்தில் எல்லாரும் நம்புவது. நானும் அங்கே பிறந்தவன்தானே, எனக்கும் தெரியும். தெரிந்தேதான் சாத்தினேன். தூறல் விழத் தொடங்கியது. வாசலை ஒட்டிய ஜன்னல் வழியாக அவர் நிற்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அன்றைய வாசிப்பு என்னுடையது. தம்மை யார் என்று நினைக்கிறீர்கள் என இயேசு சீடர்களைக் கேட்க, பேதுரு முந்திக்கொண்டு, நீரே மேசியா, ஜீவனுள்ள தேவனின் மகன் என்று அறிக்கையிடுகிற பகுதி. நான் வாசித்தால் ஓர் எழுத்துப் பிசகாது. அன்றும் பிசகவில்லை. வாசித்தபடியே கண்ணை உயர்த்தினேன். ஜன்னலுக்கு வெளியே குடம் லேசாக ஆடியது. கை மாற்றிப் பிடிக்கிறார். எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தப் பெண் ஏன் போய்த் தொலைய மாட்டேன் என்கிறார் என்று பல்லைக் கடித்தேன். பிரசங்கம் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை.

ஆராதனை முடிந்து கதவைத் திறந்தபோது அக்காவின் கழுத்து நடுங்கிக்கொண்டிருந்தது. போதகர் அருகே போய், “யாருக்கும்மா பாலு?” என்று கேட்டார்.

“உள்ள இருக்கிறவருக்கு.”

போதகர் ‘வாங்க’ என்பதுபோல் வழிவிட்டு ஒதுங்கினார். அக்கா உள்ளே நடந்தார். சுவரில் சிலுவை தொங்கும் பீடத்துக்கு முன்னால் குடத்தைத் தானே இறக்கி வைத்தார். பிறகு ஈரச் சேலையோடு, சிமெண்டுத் தரையில், நெற்றி பட விழுந்தார். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து கும்பிடுகிறவர்கள். அந்தத் தரையில் அப்படி ஒருவர் விழுந்து நான் பார்த்ததே இல்லை. “என் சாமி,” என்ற இரண்டு வார்த்தைதான் அவர் வாயிலிருந்து வந்தது. போதகர் அந்தப் பாலைக் காய்ச்சச் சொல்லி எல்லாருக்கும் தேத்தண்ணி போட வைத்தார். எனக்கு வேலை இருக்கிறது என்று நான் கிளம்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆராதனையில் ‘விசுவாசிக்கிறேன்’ என்று விசுவாச அறிக்கை சொல்லும்போதெல்லாம் நாக்கு தடுமாறும். அடுத்த வருடமே அக்கா ஞானஸ்நானம் பெற்றார்; கணவரோடு ரிங்லெட்டுக்குக் குடிபோனார். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன், தள்ளிப் போடுவேன். இப்படியே ஒன்பது வருடம் ஓடியது. போன மாதம் ரிங்லெட்டில் ஒரு மளிகைக் கடையில் அவரைப் பார்த்துவிட்டேன். மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டே விட்டேன். “அக்கா, அன்னிக்கு ஒங்கள மழையில நிக்க வச்சிட்டேன். ஒங்க மூஞ்சியப் பாக்கவே எனக்குத் தகுதியில்ல.”

அக்கா வெங்காயம் பொறுக்குவதை நிறுத்திவிட்டு யோசித்தார். நிஜமாகவே யோசித்துத்தான் நினைவுக்குக் கொண்டுவந்தார்.

“கதவச் சாத்துனது நீங்களா? ஆளு யாருன்னே கவனிக்கல லா. நான் ஒங்களயா பாத்துக்கிட்டு நின்னேன்?”

காரை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறி வரும்போதுதான் உறைத்தது. வாசலில் மறித்து நின்றபோதும், பீடத்தருகே நின்று வாசித்தபோதும், அன்று முழுக்க நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த அக்காவை மட்டும்தான். இரண்டு இடத்திலும் சிலுவை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.