டப்பாவின் நெற்றி

1. மூச்சு விடாத ஒரு டஜன்

ஆறாவது டப்பாவும் மூச்சு விடவில்லை. அழுத்தி அழுத்தி என் ஆள்காட்டி விரல்தான் வெளுத்துப்போனது. பக்கத்துப் பெஞ்சில், மதுரையில் கிரைண்டிங் முடிந்து வந்த பஸ் எஞ்சினின் கிராங்க் ஷாப்ட் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு கிடந்தது. வெளியே ஆடிச் சாரல்.

அறுபதுகளின் பிற்பகுதி. தென்காசியில் ஒரு பஸ் கம்பெனிப் பட்டறையில் நான் ஸ்டோர் கீப்பர். குற்றாலத்தில் சீசன் வந்தால் ஊருக்குக் கொண்டாட்டம், இரும்புக்குக் கேடுகாலம். சாயங்காலம் துடைத்து வைத்த ஸ்பானர் காலையில் செம்மண் பூசிக்கொண்டு கிடக்கும். அந்த ஷாப்டுக்குப் பேரிங் மதராஸிலிருந்து வரப் பத்து நாளாகும். அதற்குள் துருப்பிடித்தால் மறுபடி மதுரை, மறுபடி கிரைண்டிங். ஐந்தருவிக்கு ஓட வேண்டிய வண்டி சீசன் முழுக்க ஷெட்டில் நின்றே குளிக்கும்.

எங்கள் போர்மேன் ஞானமுத்து அண்ணாச்சி இதற்கெல்லாம் கிரீஸைத் தடவி, எண்ணெய்க் காகிதம் சுற்றி வைப்பார். நான்தான் புதுமைப்பித்துப் பிடித்தவன். ஒரு ஏஜெண்ட் வந்து, பையிலிருந்து தகர டப்பா ஒன்றை எடுத்து, அதன் தலையில் அழுத்தி, ஒரு பழைய பல்சக்கரத்தின் மேல் 'புஸ்' என்று அடித்துக் காட்டினார். துரு கிட்டவே வராதாம். அந்தப் புகையிலேயே மயங்கி, முதலாளியிடம் சொல்லி ஒரு டஜன் வரவழைத்துவிட்டேன்.

அண்ணாச்சி ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொசுவுக்கு அடிக்க மருந்து மாதிரில்லா இருக்கு. இரும்பு என்ன, கடிக்கவா செய்யுது?"

"நீங்க இன்னும் கிரீஸ் டின்னுக்குள்ளயே குடியிருக்கியளே அண்ணாச்சி!"

"இருந்துட்டுப் போறேம்லே. வழுக்கி விழாமத்தான இருக்கேன்."

2. பாதியில் நிறுத்திய வாக்கியம்

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். ஜாக்கியோ நாற்காலியோ, புதிதாக எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் தொடக் கூடாது. முதலாளி உத்தரவு. அண்ணாச்சி சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் என்பதால் அந்தத் திருப்பணி என்னுடையது. பன்னிரண்டு டப்பாவையும் வரிசையாக நிறுத்திப் பொட்டு வைத்தேன். சூடமும் காட்டினேன். உள்ளே இருப்பது தீப்பிடிக்கும் சரக்கு என்று பிற்பாடுதான் தெரிந்தது.

மறுநாள் எடுத்தால் பன்னிரண்டும் ஊமை. முதலாளி வந்து நின்றார்.

"என்னலே, அந்த ஏஜெண்டு அடிச்சப்போ வந்துச்சுல்லா?"

சிபாரிசு செய்தவன் நான். வேலைக்கு உலை வைத்துக்கொண்டேன் என்ற பயத்தில் வாய் தானாகத் திறந்தது.

"சரக்கு நல்ல சரக்குதான் மொதலாளி. நேத்து நான் சாப்பிடப் போனப்போ அண்ணாச்சி மட்டுந்தான் இங்கன இருந்தாவ. அவியளுக்கு இது மொதல்லயே பிடிக்கல..."

அதோடு நிறுத்திக்கொண்டேன். மீதியை முதலாளியே முடித்துக்கொண்டார்.

"வே ஞானமுத்து, கம்பெனிக்காரன் வந்து பாக்கட்டும். அதுவரைக்கும் வீட்டுல இரும்."

அண்ணாச்சி நேராகப் பெஞ்சுக்குப் போனார். ஷாப்டுக்குக் கிரீஸ் தடவி, காகிதம் சுற்றிக் கட்டினார். மண்ணெண்ணெயில் கை கழுவினார். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு தன் ஊரான கீழப்பாவூருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

3. கோயில் வாசனை

டப்பாக் கம்பெனிக்கு இங்கிலீஷில் காரசாரமாக ஒரு கடுதாசி எழுதினேன். எட்டாம் நாள் மதராஸிலிருந்து ஒருவர் வந்தார். டப்பாவின் மூடியைத் திறந்தார். டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு குண்டூசி கேட்டு வாங்கிக் குத்தி, முனையை மோந்து பார்த்தார்.

"சார், எங்க மருந்துல மண்ணெண்ணெய் வாசனைதான் வரும். இதுல கோயில் வாசனை வருதே?"

பொட்டு வைத்த அன்று எனக்கு ஒரு குழப்பம் இருந்தது. டப்பாவுக்கு நெற்றி எது? மூடியைக் கழற்றியதும், மேலே உள்ள அமுக்குப் பொத்தானின் முன்பக்கம் சின்னதாக ஒரு புள்ளி தெரிந்தது. கம்பெனிக்காரனே பொட்டுக்கு இடம் குறித்து அனுப்பியிருக்கிறான் என்று அவன் பக்தியை மெச்சி, சரியாக அதன்மேல் அப்பினேன். மருந்து வருகிற ஓட்டையே அதுதான். பொட்டு பிறகு கண்ணில் படாமல் இல்லை. ஆனால் எங்கள் பட்டறையில் பொட்டு இல்லாத சாமான்தான் கண்ணை உறுத்தும்.

வந்தவர் அடைப்பை எடுத்துவிட்டு அழுத்தினார். 'புஸ்!' எதிரே நின்ற முதலாளியின் வெள்ளைச் சட்டைக்கு ஆயுசு பூராவும் துருப்பிடிக்காது.

"பொட்டு வச்சது யாருலே?"

"நான்தான் மொதலாளி."

"ஞானமுத்து பேரைச் சொன்னது?"

"அதுவும் நான்தான்."

"அப்ப யாருலே போய்க் கூட்டிட்டு வரணும்?"

பஸ்ஸில் போகும்போது சிரிக்கவைக்கிற மாதிரி நாலு வசனம் தயார் செய்தேன். அண்ணாச்சி வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டுச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். சந்தனக் கதை முழுவதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் செஞ்சிருப்பேன்னு நெசமாவே நெனச்சியால?"



"நெனைக்கல அண்ணாச்சி. சொன்னேன்."

அவர் செயினைப் பல்லில் மாட்டி, பெடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். பிறகு, "ஷாப்டைப் பிரிச்சுப் பாத்தியளா?" என்றார்.

"இல்ல."

"நட" என்று சட்டையை மாட்டினார்.

காகிதத்தைப் பிரித்தபோது ஷாப்டில் ஒரு புள்ளித் துரு இல்லை. பேரிங் வந்தது. சீசன் முடிவதற்குள் வண்டி ஐந்தருவிக்கு ஓடியது. பன்னிரண்டு ஓட்டையையும் ஊசியால் குத்திச் சுத்தம் செய்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு நான் வர, பொரி வாங்க வந்து நின்ற அண்ணாச்சி சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏலே, மூச்சு விடுத எடத்துல வச்சிராதலே!"

பட்டறையே சிரித்தது. முதல் ஆளாகச் சிரித்தவன் நான். அவர் என்னோடு வேடிக்கை பேசி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சரக்கு வேலை செய்யவில்லை என்றால், அடுத்தவரைக் கைகாட்டுமுன் அந்தக் கையை ஒருதரம் மோந்து பாருங்கள். என் கையில் அன்றைக்குச் சந்தனம் மணத்துக்கொண்டுதான் இருந்தது.