ஓட்டுநரிடம் பேசாதீர்

என் அத்தானுக்குப் பஸ் டெப்போவில் வைத்த பெயர் ஹேண்ட்பிரேக். சமதரையில் வண்டி நின்றாலும் இழுத்துவிட்டுத்தான் இறங்குவார். வீட்டில் நாற்காலியை விட்டு எழுந்தாலும் அவர் கை பக்கத்தில் எதையோ தேடும். ஓய்வு பெற்ற அன்று, உடன் வேலை பார்த்தவர்கள் அவருடைய பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய ஒரு தகரப் போர்டைப் பரிசாகக் கொடுத்தார்கள். நீல நிறத்தில் வெள்ளை எழுத்து: 'ஓட்டுநரிடம் பேசாதீர்.' அதை வாங்கியபோது மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். அக்காவைக் கட்டிக்கொண்ட அன்றுகூட அவர் அவ்வளவு உருகவில்லை, நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

கொஞ்ச நாளில் ஒரு வீட்டுவேன் வாசலில் வந்து நின்றது. உள்ளே கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி, இடுப்பளவு ஃப்ரிட்ஜ். இதற்கெல்லாம் மின்சாரம் கொடுக்கக் கட்டிலுக்கு அடியில் தனியாக ஒரு பேட்டரி, அதைச் சார்ஜ் செய்யக் கூரைமேல் சோலார் தகடு. ஊரில் உள்ளவர்களையெல்லாம் ஏற்றி இறக்கிய மனிதர் கட்டிய மனைவியை ஓர் இடத்துக்கும் கூட்டிப் போனதில்லை. அந்தக் குறை அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஏரிக்கரையில் போய்த் தங்குவதாகத் திட்டம். நானும் போகிறேன். யாரும் கூப்பிடவில்லைதான். அக்கா போகிற இடத்துக்கெல்லாம் தம்பியும் போவது எங்கள் வீட்டில் சட்டம்.

வண்டி வந்ததும் அத்தான் செய்த முதல் காரியம் அந்தப் போர்டை ஸ்டியரிங்குக்கு மேலே திருகி மாட்டியது. பிறகு எங்களை ஏற்றிக்கொண்டு தெருவைச் சுற்றினார். திருப்பத்தில் ஒரு மரக்கிளை தாழ்ந்து கிடந்தது.

"என்னங்க, மேல கிளை..." என்றாள் அக்கா.

அத்தான் ஒற்றை விரலால் போர்டைக் காட்டினார். கூரை கிளையில் உரசிக் கிறீச்சிட்டது. அன்றோடு வண்டி விஷயத்தில் அக்கா வாயைப் பூட்டிக்கொண்டாள். மற்ற எல்லா விஷயத்திலும் பேசினாள், அதைச் சொல்லியாக வேண்டும்.

பயணத்துக்கு அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. அவளுக்குச் சர்க்கரை. தினமும் ஊசி. அந்த மருந்து ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும்.

"வேன் ஃப்ரிட்ஜோட ஃப்ரீஸர்ல ஒரு கிண்ணம் ஐஸ் வைக்கிறேன். மறுநாள் பாக்கும்போது ஐஸாவே இருந்தா நான் வர்றேன். தண்ணியா இருந்தா அதுல என் மருந்தை நம்பி வைக்க முடியாது, வண்டியை வித்துடுங்க" என்றாள்.

அத்தான் சிரித்தார், அன்றிரவு வெகுநேரம் உள்ளே விளக்கைப் போட்டு வண்டியை அழகு பார்த்தார். மறுநாள் கிண்ணத்தில் தண்ணீர். பேட்டரியும் பாதாளத்தில். அடுத்த முறையும் தண்ணீர். சிரிப்பு நின்றது.

பேட்டரிக்காரரைக் கூட்டிவந்தார். அத்தான் முதலில் ஏற, பின்னாலேயே அவர் ஏறினார். மீட்டரை வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. தகட்டிலிருந்து மின்சாரம் வருகிறது, பேட்டரிக்குள் சமர்த்தாக இறங்குகிறது. "ஒரு குறையும் இல்லையே" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனார். மறுநாள் மறுபடி தண்ணீர். மறுபடி அவர் வந்தார், மறுபடி எல்லாம் ஒழுங்கு. டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்டுப்போகும் குழந்தை மாதிரி அந்த வண்டி எங்களை ஏய்த்தது.

அதன்பின் அத்தான் தானே துப்பறிய இறங்கினார். காக்கா எச்சம் வெயிலை மறைக்கிறது என்று கூரைமேல் ஏறித் தகட்டைக் கண்ணாடியாகத் துடைத்தார். காக்காய்களுக்கு அது பிடித்துப்போய்க் கூட்டமாக வந்து முகம் பார்த்தன. பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருக்கிறது என்று சுரண்டினார். எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். இரவு சாப்பாடு ஆனதும் உள்ளே போய் எல்லா விளக்கையும் போட்டு, ஃபேனைச் சுழலவிட்டு, மீட்டர் இறங்குவதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். இருக்கிற கொஞ்சநஞ்ச மின்சாரமும் அவர் கவலைப்பட்டே தீர்ந்தது.

கடைசியில் பழி என்மேல் வந்தது.

"மச்சான், உண்மையைச் சொல்லு. உன் போனை இங்க வந்து சொருகுறியா?"

"எனக்கு வீடு இல்லையா? வீட்ல கரண்டு இல்லையா? உங்க ஓட்டைப் பேட்டரிய நம்பியா நான் போன் வச்சிருக்கேன்?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. ஏரிக்கு வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். யாரும் கெஞ்சவில்லை, அதனால் நானே மனதை மாற்றிக்கொண்டேன்.

அத்தான் ஒரு வாரம் தவணை கேட்டார், அக்கா கொடுத்தாள். அதுவும் தண்ணீராகவே போனது. ஞாயிற்றுக்கிழமை அடுத்த தெருப் பல் டாக்டர் வண்டியை வாங்கிக்கொள்ள வந்தார். கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று பேட்டரிக்காரரும் வந்திருந்தார். அத்தான் டாக்டரை ஏற்றி ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இந்தக் கட்டிலைத் தூக்கிட்டா பல் பிடுங்குற நாற்காலி கச்சிதமா உக்காரும்" என்றார் டாக்டர்.

ஏரிக்கரையில் அக்கா படுத்துக்கொண்டு தண்ணீரைப் பார்க்க வேண்டிய கட்டில் அது. அத்தான் முகம் அப்படியே விழுந்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது, போன் கதையை மீறி.

எல்லோரும் இறங்கினோம். அத்தான் கடைசியாக இறங்கினார். அப்போது அக்கா டாக்டரிடம் பொறுப்பாகச் சொன்னாள்: "டாக்டர், ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. இறங்கும்போதெல்லாம் டிரைவர் சீட்டுக்குக் கீழ இருக்கிற சிவப்புச் சாவியைத் திருகி அணைக்கணும். இவர் ஒரு தடவைகூட மறந்ததில்ல. இப்பகூட அணைச்சிட்டுத்தான் இறங்கினார்."

"எந்தச் சாவி?" என்றார் பேட்டரிக்காரர்.

"எந்தச் சாவி?" என்றார் அத்தானும்.

பேட்டரிக்காரர் ஏறிக் குனிந்து பார்த்தார். அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"சார், இது பேட்டரியோட மெயின் சுவிட்ச். இதை அணைச்சா வெயில் எவ்வளவு அடிச்சாலும் ஒரு சொட்டு உள்ள போகாது. ஃப்ரிட்ஜும் நின்னுடும். நான் வர்றப்பல்லாம் நீங்க முன்னாடி ஏறி இதைப் போட்டுடுறீங்க, எனக்கு எல்லாம் சரியாத் தெரியுது. நான் போனதும் அணைச்சிட்டு இறங்குறீங்க!"

டெப்போவில் பஸ்ஸை விட்டு இறங்குமுன் மெயின் சுவிட்சை அணைப்பது விதி. எஞ்சின் ஓடினால் பஸ் பேட்டரி தானாக ஏறிவிடும், அணைத்ததால் நஷ்டமில்லை. அத்தானின் கைக்கு அது ஊறிப்போய்விட்டது. ஏறும்போது போடுவதும் இறங்கும்போது அணைப்பதும் அந்தக் கை தன் பாட்டுக்குச் செய்தது, தலைக்குத் தகவலே போகவில்லை. பகலெல்லாம் பேட்டரியைப் பட்டினி போட்டுவிட்டு, ராத்திரி உள்ளே உட்கார்ந்து அதன் உயிரை வாங்கியிருக்கிறார்.

அத்தான் பேயறைந்த மாதிரி நின்றார். பிறகு அக்காவிடம் திரும்பினார்.

"பாத்துக்கிட்டே இருந்தியே, ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

அக்கா ஒற்றை விரலால் போர்டைக் காட்டினாள்.

பல் டாக்டர் நிலைமையைப் புரிந்துகொண்டு கிளம்பினார். போகிறபோது, சிரித்துக்கொண்டிருந்த என் வாயை உற்றுப் பார்த்து, "கீழ்வரிசையில ஒண்ணு ஆடுது, வந்து காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வெறுங்கையோடு போக மனம் வரவில்லை போலிருக்கிறது.

மறுநாள் கிண்ணத்தைக் கவிழ்த்தால் ஐஸ் விழ மறுத்தது. அக்கா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் பெட்டியில் புடவைகளை அடுக்கினாள். அத்தான் சமையலறைக்கும் வாசலுக்குமாக அர்த்தமில்லாமல் நடந்தார். சந்தோஷத்தை வைத்துக்கொள்ள அவருக்கு இடம் தெரியவில்லை.

புறப்படும் அன்று ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தவர் கிளம்பவில்லை. பாக்கெட்டிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் போர்டைக் கழற்றினார்.

"எதுக்குங்க? ஆசையா மாட்டினீங்களே" என்றாள் அக்கா.

"பஸ் ஓட்டுனப்ப வண்டி நிறைய ஆள் இருக்கும். விடிஞ்சதுலேர்ந்து பொழுது அடையிறவரைக்கும் ஒருத்தர் என்கிட்ட பேச மாட்டாங்க. போர்டு போட்டிருக்கே, அவங்களைச் சொல்லி என்ன?" கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ பேசு. ஏரி வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே வா."

"என்ன பேச?"

"எதையாவது. முதல்ல அந்தக் கிளையைப் பத்திச் சொல்லு."

அக்கா ஆரம்பித்தாள். கிளையில் தொடங்கி, கல்யாணத்துக்கு முந்தைய வருஷம்வரை போனாள். மலைப்பாதையில் டீ குடிக்க நிறுத்தியபோது அத்தான் கை சீட்டுக்கு அடியில் போனது. "டிரைவர், கை!" என்று ஒரு அதட்டல் போட்டாள். கை மேலே வந்தது.

மறுபடி கிளம்பியதும் எனக்கும் பேச ஆசை வந்தது. பின்னாலிருந்து, "அத்தான், அந்தப் போன் விஷயத்துல நீங்க என்கிட்ட..." என்று தொடங்கினேன். அக்கா திரும்பிப் பார்க்காமலே தகரப் போர்டை எடுத்து என் மடியில் போட்டாள்.