டீச்சர் படித்த விடை

“பிள்ளைங்க என்ன எழுதியிருக்காங்க? கொடுங்க டாக்டரம்மா, நான் திருத்தித் தர்றேன்” என்று சிரித்துக்கொண்டே டீச்சர் கை நீட்டினார். நானும் சிரித்தபடி அலைபேசியைக் கொடுத்துவிட்டேன்.

மாரெட்பள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். பேச்சு குழறுகிறது என்று ஹைதராபாத்தில் எங்கள் நரம்பியல் பிரிவில் சேர்ந்திருந்தார். பயிற்சி மருத்துவர்களுக்காக நான் ஒரு வாட்ஸ்அப் குழு நடத்திவந்தேன். பெயரும் முகமும் இல்லாமல் ஓர் அறிகுறியைப் படமெடுத்துப் போடுவேன். என்ன நோய், இனி என்ன ஆகும் என்று அவர்கள் எழுத வேண்டும். டீச்சரின் நாக்கு அசையாமல் இருக்கும்போதும் உள்ளுக்குள் ஏதோ நெளிவதுபோல் துடித்தது. அதைப் படமெடுக்கலாமா என்று கேட்டதற்கு, “பாடத்துக்குன்னா எதுக்குக் கேக்கறீங்க, எடுங்க” என்றார்.

பரிசோதனை முடிவுகள் அதற்குள் வந்துவிட்டிருந்தன. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவருடைய கணவர் என்னை வராந்தாவுக்கு அழைத்து, “இப்ப அவகிட்ட சொல்ல நக்கோ டாக்டர், வேணாம். பொண்ணு வந்துரட்டும்” என்று கெஞ்சினார். ஒப்புக்கொண்டேன். அவருக்காக மட்டுமல்ல; சொல்லும் வேலை தள்ளிப்போனதில் எனக்கும் ஆறுதல்தான்.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு விடையாகப் படித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டிப் பிடுங்கவும் கை வரவில்லை. கெட்டிக்காரப் பெண் ஒருத்தி நோயின் பெயரை எழுதி, அதன் கீழே, குணப்படுத்த மருந்தில்லை, முதலில் பேச்சு போகும், பிறகு விழுங்க முடியாது, கடைசியில் மூச்சு என்று வரிசையாக எழுதியிருந்தாள். அதற்கடியில் ‘மிகச் சரி’ என்று பாராட்டியிருந்தது நான்.

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலருகே நின்ற கணவரை நிமிர்ந்து பார்த்தார்.

“உங்களுக்கும் தெரியுமா?”

அவர் தரையைப் பார்த்தார். டீச்சர் அலைபேசியை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் ஏதேதோ சொன்னேன்.

மறுநாளே வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதன்பின் அவர் சிகிச்சைக்கு வரவில்லை. தொலைபேசியில் கூப்பிட்டபோதெல்லாம் மகள்தான் எடுத்து, அம்மா தூங்குகிறார் என்றாள். குழுவை நான் மூடவில்லை. இரண்டு வாரம் எதுவும் போடாமல் இருந்தேன். பிறகு பிள்ளைகள் கேட்டார்கள், போட்டேன். இன்றும் போடுகிறேன். ஒவ்வொரு நோயாளியிடமும் முதலில் நோயைச் சொல்லிவிட்டுத்தான் போடுகிறேன் என்று எழுத ஆசைதான். எப்போதும் அப்படி நடப்பதில்லை.

அடுத்த ஆண்டு ஏதோ ஒரு சான்றிதழில் கையெழுத்து வாங்க அவருடைய கணவர் வந்தார். தனியாக வந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் கையை உயர்த்தித் தடுத்தார்.

“பேச முடிஞ்ச நாளெல்லாம் அவ எங்கிட்ட பேசல டாக்டர். எல்லாம் பொண்ணுகிட்டதான். கடைசியில, போறதுக்கு முன்னால ஒரு நாள், கண்ணாலயே கிட்டக் கூப்பிட்டா. வாயைத் திறந்தா, வெறும் சத்தம். எழுதவும் கை வரல. திட்ட வந்தாளோ, வேற என்ன சொல்ல வந்தாளோ.”

நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.