பூட்டில்லாத மஞ்சள் சைக்கிள்கள்

கொடிகாமத்திலிருந்து பஸ்ஸில் வரும் எங்களுக்குச் சந்தியில் இறங்கி வகுப்புக்குப் போக அரை மணி நேர நடை. அதற்குள் முதல் பாடத்தில் பாதி முடிந்துவிடும். கல்லூரிக் கொட்டகையிலோ, படித்து முடித்து வெளிநாடு போனவர்கள் விட்டுச்சென்ற சைக்கிள்கள் துருப்பிடித்துக் கிடந்தன. அவற்றை நாங்களே திருத்தி, மஞ்சள் பெயின்ற் அடித்து, பூட்டில்லாமல் சந்தியில் விடுகிறோம் என்று அனுமதி கேட்டோம். காலையில் தேவையானவர்கள் எடுத்து வரட்டும், பின்னேரம் திரும்ப விடட்டும்.

"பூட்டில்லாமலோ? ஒரு கிழமையிலை ஒண்டும் மிஞ்சாது," என்றார் நிர்வாக அலுவலர்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "படிப்புத் தவணை முடிய வந்து எண்ணிப் பாருங்கோ, ஐயா."

அரைமனதோடு அனுமதி தந்தார். பன்னிரண்டு சைக்கிள் விட்டோம். தவணை முடிந்த அன்று பின்னேரம் மனுசன் உண்மையாகவே சந்திக்கு வந்து எண்ணினார். திரும்பவும் எண்ணினார். பதின்மூன்று நின்றன. யாரோ தங்கள் சொந்தச் சைக்கிளுக்கும் மஞ்சள் அடித்து, வரிசையின் கடைசியில் விட்டிருந்தார்கள். பெயின்ற் இன்னும் சரியாகக் காயவில்லை.

"இது ஆரின்ரை?" என்று கேட்டார்.

எனக்கும் தெரியாது.

"எங்கடை, ஐயா," என்றேன்.